தாள் பொன்னுக்கு எத்தனை வினைச்சொல்?

வியட்நாமில் சிகரெட், சாராயம், பீர், கார், சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுத் தனி நுகர்வு வரி வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கம் போனால் ஒரு விசித்திரமான சரக்கு நிற்கும்: இறந்தவர்களுக்காக எரிக்கும் தாள். 2008-ல் நிறைவேறிய சட்டப்படி அதற்கு வரி 70 விழுக்காடு. சூதாடப் பயன்படும் சீட்டுக்கட்டுக்கே 40-தான். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கும் வகுப்பறையில் பாடம் நடத்தப் பயன்படுவதற்கும் விலக்கு உண்டு. ஆக, அதே மூங்கில் சிம்பு, அதே வண்ணத்தாள், அதே பசை. பேரன் கைக்குப் போனால் வரி இல்லை, செத்துப்போன தாத்தாவுக்குப் போனால் 70.

சட்டத்தில் அதன் பெயர் 'வாங் மா, ஹாங் மா'. 'வாங்' என்றால் பொன். 'ஹாங்' என்றால் சரக்கு. 'மா' என்பது சடங்குக்கென்று தாளில் செய்த பொருள்: காசு, சட்டை, குதிரை, வீடு, எதுவானாலும். தமிழ் எழுத்தில் இதை எழுதும்போது ஒன்று தொலைந்துபோகிறது. வியட்நாமிய மொழியில் தொனி மாறினால் பொருள் மாறும். இந்த 'மா'வையே வேறு வேறு தொனியில் சொன்னால் பேய், கல்லறை, நெல் நாற்று, தெற்கத்தியப் பேச்சில் அம்மா என்று ஆகிவிடும். அந்த மொழி படிக்கப் போகிறவர்களை முதல் வாரத்தில் மிரட்டுவதற்கென்றே ஆசிரியர்கள் வைத்திருக்கும் வரிசை அது. பேயும் கல்லறையும் தாள் காணிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயல்தான் என்றாலும் கேட்டவர்களுக்கு மறக்காது.

இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ளப் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே உதவும் என்பது என் கட்சி. தாளுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால், எரிகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வளவுதான். எரிப்பதற்கு வியட்நாமியத்தில் 'டோட்' என்ற எளிய சொல் இருக்கிறது. அரசு ஆணைகளும் செய்தித்தாள்களும் தீயணைப்புத் துறையின் எச்சரிக்கைகளும் 'டோட் வாங் மா' என்றுதான் எழுதுகின்றன. அன்றாடப் பேச்சிலும் அது சகஜம். ஆனால் அதே ஆள் படையலுக்கு முன்னால் கைகூப்பி நிற்கும்போது, அல்லது வீட்டுப் பெரியவர் "நேரமாச்சு" என்று சொல்லும்போது, சொல் மாறிவிடும். அப்போது 'ஹுவா'. உருமாற்று என்று பொருள். 'ஹுவா வாங்', பொன்னை உருமாற்றுதல். சீனத்திலிருந்து வந்த சொல் அது. வேதியியலுக்கான சொல்லிலும், தொழில்மயமாக்கல் என்பதில் வரும் 'மயமாக்கல்' என்ற பகுதிக்கும் இதே 'ஹுவா'தான். தொனியை மட்டும் மாற்றினால் நெருப்பு என்று பொருள்படும் இன்னொரு சொல் கிடைக்கும். பிணத்தை எரியூட்டுவதைக் குறிக்கும் சொல்லில் வருவது அது. நெருப்புக்கும் உருமாற்றத்துக்கும் நடுவே ஒரு குரல் வளைவுதான் வித்தியாசம்.

'டோட்' என்று சொன்னால் குற்றமா? இல்லை. நம் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்லாமல் 'மலையேற்று', 'குளிர வை' என்பார்களே, அந்த மாதிரி ஒரு நாசூக்கு. ஆனால் இதில் நாசூக்கைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. அது தெரிய வேண்டுமானால் 'டோட்' என்ற சொல்லை அவர்கள் எங்கே மனமறிந்து பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வடக்கே சந்தையில் கடை திறந்ததும் வரும் முதல் வாடிக்கையாளர் மேல் கடைக்காரர்களுக்கு ஒரு கண். அவர் வாங்கிவிட்டால் அன்றைக்கு வியாபாரம் ஓடும். பொருளையெல்லாம் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி, வாங்காமல் போய்விட்டால் விடியாது. அவர் முதுகு மறைந்ததும் கடைக்காரர் ஒரு தாளைக் கிழித்துப் பற்றவைத்து, கடைக்கு முன்னாலும் சரக்கின் மேலும் சுழற்றி, "நல்ல ராசி இருக்கட்டும், கெட்ட ராசி போகட்டும்" என்ற பொருளில் எதுகையோடு இரண்டு வரி முணுமுணுப்பார். இதற்குப் பெயர் 'டோட் வியா'. ஒருவரோடு ஒட்டிவந்த ராசியை, உயிர்ச்சாயலை எரிப்பது. தெற்கே இதையே 'டோட் ஃபோங் லோங்' என்பார்கள். இங்கே யாரும் 'ஹுவா' என்று சொல்லமாட்டார்கள். இந்த நெருப்பு எதையும் யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, ஒழித்தால் போதும். தாள் ஒன்று, தீக்குச்சி ஒன்று. ஒரு நெருப்பு அழிக்கிறது, இன்னொன்று தபால் கொண்டுபோகிறது.

தபால் வேலை முழுசாக நடப்பது தேட் என்னும் சந்திரப் புத்தாண்டில். ஆண்டின் கடைசி நாள் முன்னோர்களை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அதிலிருந்து ஊதுபத்தி அணையாமல் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சோறு படைத்து, வந்த விருந்தாளிகளாகவே நடத்துவார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள், சில வீடுகளில் நாலாம் நாளோ அதற்குப் பின்னோ, வழியனுப்பு. கோழி, ஒட்டரிசிப் பண்டம், சாராயம் எல்லாம் வைத்துப் படைத்து, வேண்டுதல் படித்து, ஊதுபத்தி எரிந்து முடியும் தறுவாயில் அனுமதி கேட்டுத் தாள் பொன்னையும் தாள் காசையும் மேடையிலிருந்து இறக்குவார்கள். முற்றத்திலோ மாடியிலோ ஓட்டை போட்ட தகரப் பீப்பாய் தயாராக இருக்கும். முதலில் தெய்வங்களுக்கு உரிய கட்டு, பிறகு முன்னோர்களுக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. குச்சி விட்டுக் கிளறாதே, சட்டை கிழிந்துபோய்ச் சேரும் என்று சின்னப் பிள்ளைகளை அதட்டுவார்கள். எரிந்து முடிந்ததும் படைத்த சாராயத்தைச் சாம்பல் மேல் தெளிப்பது உண்டு. அப்போதுதான் அந்தப் பக்கத்தில் கைக்குக் கிடைக்கும் என்று நம்பிக்கை. தேட் நாள் முழுக்கப் படையல் மேடைக்கு இருபுறமும் சாய்த்து வைத்திருந்த இரண்டு நெடுங்கரும்பை இப்போது எடுத்து நெருப்பில் வாட்டுவார்கள். அது முன்னோர்கள் மூட்டை முடிச்சைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் காவடித் தண்டு. வழியில் பிடுங்க வரும் பேய்களை அடிக்கும் தடி என்றும் சொல்வார்கள். இரண்டு விளக்கமும் பயணச் சாமானைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன.

தெற்கே இதே நாளுக்கு வேறு பெயர்: 'டூவா ஓங் பா', தாத்தா பாட்டியை வழியனுப்புதல். அதில் பொன்னும் இல்லை, உருமாற்றமும் இல்லை. பஸ் ஏற்றிவிடும் தொனி. வடக்கே சடங்கின் பெயரில் பொருள் முன்னால் நிற்கிறது, தெற்கே ஆள். தாளின் பெயரும் மாறும். வடக்கின் 'வாங் மா' தெற்கில் 'யாய் தியென் யாங் பாக்', அதாவது காசுத்தாள், பொன், வெள்ளி. வடக்கில் 'வ' என்று ஒலிப்பதைத் தெற்கில் 'ய' என்று ஒலிப்பார்கள். பொன் இங்கே 'யாங்'. ஊதுபத்திகூட வடக்கில் 'ஹுவோங்', தெற்கில் 'ஞாங்'. மற்றவர்கள் தட்டுத் தடுமாறும் அந்த 'ஞ' தமிழருக்குச் சிக்கலே இல்லை.

சடங்கு மொழி 'ஹுவா' என்றால் வீட்டு மொழி 'கூய்', அனுப்பு. பணம் அனுப்பு, கடிதம் அனுப்பு என்பதில் வரும் அதே சாதாரணச் சொல். அனுப்புவது என்று வந்துவிட்டால் விலாசம் வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் கட்டின் மேல் இறந்தவர் பெயரும் இறந்த தேதியும் அடக்கம் செய்த இடமும் எழுதி எரிக்கிறார்கள். எழுதாவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா?

அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதற்கு நாலே அசையில் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். 'சன் சாவ் அம் வய்': மண்ணுலகில் எப்படியோ, நிழலுலகிலும் அப்படியே. மொத்த வழக்கத்துக்கும் அரசியல் சட்டம் இந்த ஒரு வரி. இங்கே குளிர்ந்தால் அங்கேயும் குளிரும், எனவே கம்பளி. இங்கே மோட்டார் சைக்கிள் வந்தால் அங்கேயும் வரும். இன்று ஹனோயின் ஹாங் மா தெருவில் தாள் மாடி வீடு, தாள் கார், தாள் ஐஃபோன், தாள் குளிர்சாதனப் பெட்டி, தங்கச் சங்கிலி, பல்செட்டு வரை கிடைப்பதைப் பார்த்து வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிரிப்பது வழக்கம். பழமொழியை ஏற்றுக்கொண்டுவிட்டால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முன்பு குதிரை அனுப்பியவர் பேரன் ஸ்கூட்டர் அனுப்புகிறார்.

காசும் காலத்தோடு மாறியிருக்கிறது. துளையிட்ட செப்புக்காசு வடிவில் குத்திய தாள் பழையது. பிறகு வந்தது 'தியென் அம் ஃபூ', பாதாளப் பணம், அச்சடித்த நோட்டு. அதில் வெளியிடும் வங்கியின் பெயர் 'பாதாள அரசு வங்கி' என்கிற மாதிரி இருக்கும். பாதாள அரசுக்குத் தலைவர் 'சியெம் வுவோங்'. நம் எமன்தான், பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய், அங்கே பத்து நீதிமன்றங்களுக்கு அதிபதியாகி, அங்கிருந்து வியட்நாமியப் பெயரோடு இறங்கியவர். 1986-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு பாதாளத்துக்கும் அமெரிக்க டாலர் புகுந்தது. நூறு டாலர் நோட்டின் பச்சை நிறத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். உயிருள்ளவர்கள் வீடும் நிலமும் டாலரிலும் தங்கத்திலும் விலைபேசிய ஆண்டுகள் அவை. செத்தவர்கள் மட்டும் ஏன் உள்ளூர் நாணயமான டோங்கில் கணக்குப் பார்க்க வேண்டும்?

'எப்படியோ அப்படியே' என்றால் நல்லது மட்டும் போகாது. இங்கே அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமானால் கையில் எதையாவது வைக்க வேண்டும் என்றால் அங்கேயும் வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இந்தச் சொற்களஞ்சியத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் வருகிறது: 'மா பியூ'. 'பியூ' என்றால் பெரியவர்களுக்கு, மேலதிகாரிகளுக்கு மரியாதையாகக் கொடுக்கும் அன்பளிப்பு. வடக்கத்திய வழக்கப்படி இறந்து ஒரு வருடம் முடியும் முதல் திதியில் எரிக்கும் தாள் பொருள்கள் இறந்தவருக்கு அல்ல. அவர் அங்கே புது ஆள். கொடுந்தெய்வங்களும் காவல்காரர்களும் தொந்தரவு செய்யாமல் இருக்க, அவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அன்பளிப்பு அது. இரண்டாம் வருடம், துக்கம் நீங்கும் திதியில் எரிப்பதுதான் அவர் சொந்தமாக வைத்துக்கொள்ள. லஞ்சம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பியூ' என்ற சொல் போதும். உயிரோடு இருப்பவர்களின் நாட்டிலும் அந்தச் சொல் அப்படித்தான் வேலை செய்கிறது.

அனுப்பலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்றால் கடனும் வாங்கலாம். பாக் நின் ஊரில் கோ மே என்ற இடத்தில் ஒரு குன்றின் மேல் 'பா சுவா கோ' கோயில் இருக்கிறது. பெயருக்குக் களஞ்சிய அம்மன் என்று பொருள் சொல்லலாம். லீ வம்சக் காலத்தில் அரசின் நெற்களஞ்சியங்களைப் பார்த்துக்கொண்ட பெண், சோங் சீனப் படையோடு நடந்த போரில் உயிரிழந்தாள், மக்கள் கோயில் எடுத்தார்கள் என்பது தலவரலாறு. இன்றைக்குப் பக்தர்களுக்கு அவள் வங்கி. ஆண்டுத் தொடக்கத்தில் வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து 'வாய்', அதாவது கடன் கேட்பார்கள். விண்ணப்பத்தில் பெயர், விலாசம், தொழில், எவ்வளவு கடன், எப்போது திருப்புவேன் என்பதெல்லாம் எழுதப்படும். ஆண்டுக் கடைசியில் திரும்ப வந்து 'சா', கடனை அடைப்பார்கள். அடைப்பது தாள் பொன்னில், வட்டி சேர்த்து. கோயில் உலைக்கு முன்னால் தட்டுத் தட்டாகத் தாள் பொன்னோடு நிற்கும் கூட்டத்தில் சிமெண்ட் வியாபாரியும் இருப்பார், நிலத்தரகரும் இருப்பார். பழைய கோயில்தான், ஆனால் இந்தக் கடன் மோகம் பெருகியது தனியார் வியாபாரம் அனுமதிக்கப்பட்ட பிறகு. மூலதனம் தேவைப்பட்டவர்கள் திடீரென்று லட்சக்கணக்கில் உருவானபோது, அம்மனின் களஞ்சியத்தில் நெல் இருந்த இடத்தில் ரொக்கம் வந்து உட்கார்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் விலாசம் உள்ளவர்களின் கதை. விலாசம் இல்லாதவர்கள் 'கோ ஹோன்', ஆதரவற்ற ஆவிகள். பிள்ளை இல்லாமல், ஊருக்கு வெளியே, வழியில், நீரில், போரில் செத்தவர்கள். சந்திர ஆண்டின் ஏழாம் மாதம் அவர்களுடையது. அந்த மாதப் பௌர்ணமியில் இரண்டு விசேஷம் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று 'வூ லான்': சமஸ்கிருத 'உல்லம்பன' சீனம் வழியாகத் தேய்ந்து வந்த பெயர், பசித்த பேயாகிவிட்ட தாயை மீட்ட புத்தரின் சீடர் மௌத்கல்யாயனரின் கதை, பெற்றோருக்கு நன்றி சொல்லும் பௌத்த நாள். மற்றொன்று 'ஸா தோய் வோங் ஞன்': பாதாளத்துக் கைதிகளுக்கு அன்றைக்குப் பொது மன்னிப்பு, கதவு திறக்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்த மாதத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அங்கே சீன அண்டை வீட்டார் நடைபாதையில் தாள் எரிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

இந்த ஆவிகளுக்குப் படைப்பது வீட்டுக்குள் நடக்காது; வாசலிலோ தெருவோரத்திலோ. நீர்த்த கஞ்சி, பொரி, கரும்புத் துண்டு, உப்பும் அரிசியும், சில்லறை. கூடவே பொம்மைக்கு மாட்டுகிற அளவில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கத்தரித்த மெல்லிய தாள் சட்டைகள், கட்டுக்கட்டாக. யாருக்கு எந்த அளவு என்று பார்ப்பதில்லை. இதற்கான வினையும் வேறு: 'சூங் சிஞ்' எனப்படும் எல்லா உயிர்களுக்கும் 'கூங்', அதாவது படைத்தல். 'கூய்' வராது, ஏனென்றால் அனுப்ப விலாசம் இல்லை. தெற்கே படைத்து முடிந்ததும் தெருப்பிள்ளைகள் பாய்ந்து வந்து காசையும் பண்டத்தையும் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். அது சண்டைக்கு உரிய திருட்டு அல்ல, சடங்கின் பகுதி. எவ்வளவு வேகமாகப் பறிபோகிறதோ அவ்வளவு நல்லது.

வியட்நாமின் மிகப் பெரிய கவி என்று கொண்டாடப்படும் நுயென் ஸூ (1765–1820) இந்த ஆவிகளை வகைபிரித்து அழைக்கும் நெடிய இரங்கல் பாட்டு எழுதியிருக்கிறார். அதில் தளபதியும் வருகிறார், வியாபாரியும் வருகிறார், முதுமையில் நாதியற்றுப்போன பரத்தையும் வருகிறாள்; செத்த பிறகு ஆல இலையில் ஊற்றும் ஒரு வாய்க் கஞ்சியை நம்பி இருப்பவள். இருபதாம் நூற்றாண்டின் போர்கள் அந்தப் பட்டியலை எப்படி நீட்டின என்பதைச் சொல்ல வேண்டுமா? லட்சக்கணக்கான போர்வீரர்களின் உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தவற்றிலும் பெயர் தெரியாதவை ஏராளம். மகனுக்கு அடக்கம் செய்த இடம் எழுத முடியாத தாய்மார்கள் உள்ள நாட்டில், தெருவோரத்தில் பெயர் போடாமல் எரிக்கும் சட்டையை வெறும் மூடநம்பிக்கை என்று கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெய்வங்களுக்கு எரிப்பது வேறு கணக்கு. சந்திர ஆண்டின் கடைசி மாதம் 23-ம் தேதி அடுப்புத் தெய்வங்கள் வானுலகம் போய் அந்த வீட்டைப் பற்றி அறிக்கை கொடுப்பார்கள். அவர்களுக்கு மூன்று தாள் தொப்பி: இரண்டு ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு. ஆண் தொப்பியில் அரசவை அதிகாரியின் தொப்பிபோல இருபுறமும் தும்பிச் சிறகு நீட்டிக்கொண்டிருக்கும். வடக்கே ஏறிப்போக உயிருள்ள கெண்டை மீனை ஏரியில் விடுவார்கள். தெற்கே 'பறக்கும் நாரை, ஓடும் குதிரை' என்று பெயருள்ள அச்சுத்தாள் ஒரு கட்டு போதும். அதை எரித்தால் வாகனம் தயார். தாய்த்தெய்வ வழிபாட்டில் மருளேறும் சடங்குக்கு ஆளுயரத் தாள் குதிரையும் யானையும் படகும் வேண்டும். வானுக்குச் சிவப்பு, நீருக்கு வெள்ளை, காட்டுக்குப் பச்சை, மண்ணுக்கு மஞ்சள் என்று நிறம் பிசகக் கூடாது. 2016-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த வழிபாட்டைத்தான். 'ஹிங் ஞன் தே மாங்' என்று இன்னொன்றும் உண்டு: உயிருக்கு ஈடான மனித உருவம். கண்டம் இருக்கிறது என்று சோதிடர் சொன்னால் தன் பெயரெழுதிய தாள் ஆளைத் தனக்குப் பதிலாக அனுப்பிவிடுவது. இங்கே வினை 'தே', ஈடுகொடு.

தாள் காசின் மூலம் சீனம் என்பதில் சந்தேகமில்லை. எட்டாம் நூற்றாண்டில் தாங் பேரரசர் சுவான்சோங்கின் அவையில் வாங் யூ என்ற அதிகாரி அரசுச் சடங்குகளில் தாள் காசைக் கொண்டுவந்தார் என்று சீன வரலாறு சொல்கிறது. அதற்கு முன் கல்லறைகளில் உண்மைக் காசைப் புதைத்தார்கள், திருடர்கள் தோண்டினார்கள். தாளைத் திருட யாரும் வரமாட்டார்கள். மக்களிடம் வேறொரு சுவையான கதை உண்டு. தாள் செய்யும் வித்தையை அரைகுறையாகக் கற்ற ஒருவன் முரட்டுத் தாளைக் குவித்துவிட்டான், விற்கவில்லை. மனைவி செத்ததுபோலச் சவப்பெட்டியில் படுத்துக்கொண்டாள். கணவன் அழுதுகொண்டே தாளைக் கட்டுக்கட்டாக எரித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, எரித்த தாளெல்லாம் பாதாளத்தில் பணமாகி வந்தது, கொடுத்து மீண்டுவந்தேன் என்றாள். சரக்கு மறுநாளே தீர்ந்தது. வழக்கத்தை எதிர்ப்பவர்கள் இதை ஏமாற்று வித்தைக்குச் சாட்சியாகச் சொல்வார்கள், செய்பவர்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், தாளை எரித்துக்கொண்டே.

வியட்நாமில் இது எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு மீண்டும் நுயென் ஸூதான் சாட்சி. பள்ளிக் குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்லும் அவருடைய கியூ காவியத்தில், வசந்தகாலக் கல்லறைத் திருநாள் காட்சியில் இளைஞர் கூட்டத்துக்கு நடுவே தாள் பொற்கட்டிகள் சிதறிக் கிடக்கும், தாள் காசின் சாம்பல் பறக்கும். கண்டனமும் இன்று நேற்று வந்ததல்ல. 1915-ல் வியட்நாமிய வழக்கங்களை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிய ஃபான் கே பிங் இதை வீண் செலவு என்று சாடினார். அப்போது வியட்நாமில் கம்யூனிஸ்டுக் கட்சியே கிடையாது.

இந்தத் தாளை யார் செய்கிறார்கள்? பாக் நின் பகுதியின் டோங் ஹோ கிராமத்தின் கதை கொஞ்சம் சங்கடமானது. தேட் பண்டிகைக்குச் சுவரில் ஒட்டும் மரக்கட்டை அச்சுப் படங்களுக்குப் பேர்போன ஊர். கிளிஞ்சல் பொடி பூசி மினுக்கும் தாளில் பன்றி, கோழி, எலிக் கல்யாணம் எல்லாம் அச்சடித்தவர்கள். அந்தப் படங்களுக்கு வாங்குவார் குறைந்தபோது ஊரே தாள் காணிக்கைத் தொழிலுக்கு மாறிவிட்டது. பழைய அச்சுக்கலையை விடாமல் பிடித்திருப்பவை சில குடும்பங்களே. கலை ஆர்வலர்கள் இதைச் சீரழிவு என்று எழுதுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது அதே தாள், அதே பசை, ஆண்டு முழுக்க வேலை. ஹுவே நகருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் சிங் கிராமத்து அச்சுப்படங்களைப் பார்த்தால் இந்தப் புலம்பலின் மறுபக்கம் தெரியும். அவையும் மரக்கட்டை அச்சுதான், கையால் வண்ணம் தீட்டியவைதான். ஆனால் தொடக்கத்திலிருந்தே வழிபட்டு எரிப்பதற்கென்று செய்தவை. அம்மன் படம் மட்டும் ஆண்டு முழுக்க மேடையில் இருந்து, கடைசியில் நெருப்புக்குப் போகும். ஒழுங்காகப் பயன்பட்ட படம் ஒன்றுகூட மிஞ்சாது என்பதால் பழைய பிரதிகள் கிடைப்பது அரிது.

ஹனோயின் தெற்கே ஃபுக் அம் ஊரில் மருள் சடங்குக்கான பெரிய குதிரை யானைகளைக் கட்டுகிறார்கள். மூங்கிலைச் சிம்புகளாக வகிர்ந்து கூடு கட்டி, மேலே தாள் ஒட்டி, சேணமும் மணியும் வரைவதற்கு ஒரு குடும்பமே உட்கார வேண்டும். அவ்வளவு வேலையும் உலையில் சில நிமிடம். பேச்சு வழக்கில் 'ஹாங் மா மாதிரி' என்றால் மேலுக்கு மினுக்கி உள்ளே வலுவில்லாத சரக்கு என்று வசை. செய்பவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசித்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

எதிர்ப்பு மூன்று பக்கமிருந்து வருகிறது. புரட்சிக்குப் பிந்தைய வடக்கு அரசு இதை மூடநம்பிக்கைப் பட்டியலில் போட்டு ஒடுக்கியது. வறுமையும் அதற்குத் துணை நின்றது. எரிக்கத் தாளே இல்லாத காலம் அது. 1986-க்குப் பிறகு பிடி தளர்ந்ததும் அடக்கிவைத்த ஆசையோடு திரும்பி வந்தது. அதன் பிறகு அரசு கையிலெடுத்தவை வரியும் அபராதமும். பௌத்தர்களின் எதிர்ப்பு வேறு தினுசு. 2018 பிப்ரவரியில் வியட்நாம் பௌத்த சங்கம் தன் விகாரைகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பி, பௌத்தத் தலங்களில் தாள் எரிப்பதைக் கைவிடச் சொன்னது. கடிதத்தின் சொல் 'டோட்'. பௌத்த நூல்களில் இதற்கு இடமில்லை, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்பது வாதம். மூன்றாவது நகரவாசிகளின் குரல்: புகை, அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தீ, குப்பை. மூன்று தரப்பும் எரிகிற தாளைப் பார்க்கின்றன. எரிப்பவரோ போய்ச் சேரும் பொருளைப் பார்க்கிறார். விவாதம் இதனாலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறேன். வீண் செலவு என்று சொன்னால், அப்பாவுக்குச் சட்டை எடுப்பது வீண் செலவா என்று பதில் வரும்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டாசு இருக்கிறது. தேட் இரவில் பட்டாசு வெடிக்காத வீடே கிடையாது என்றிருந்த நாட்டில் 1995 தொடங்கியதும் தடை அமலுக்கு வந்தது. அந்த ஆண்டே தெருக்கள் அமைதியாகிவிட்டன. அவ்வளவு பெரிய வழக்கத்தை ஒரே உத்தரவில் நிறுத்த முடிந்தவர்களால் தாளை ஏன் நிறுத்த முடியவில்லை என்று வியட்நாமியர்களே கேட்பதுண்டு. காயமும் சாவும் கண்ணெதிரே தெரிந்தது ஒரு காரணம். என் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டாசை யாருக்கும் யாரும் கடன்பட்டிருக்கவில்லை. வெடிக்காவிட்டால் வெடிக்க நினைத்தவருக்கு மட்டுமே ஏமாற்றம். 'அனுப்பு', 'அன்பளிப்புக் கொடு', 'கடனை அடை' என்ற வினைகளுக்கெல்லாம் எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கிறார். நிறுத்தினால் அவருக்கு நின்றுபோகும். அந்தப் பழியை ஏற்க எந்தப் பிள்ளை முதலில் முன்வருவான்?

அரசுக்கும் இது தெரிந்தேதான் இருக்கிறது என்பது அதன் ஆணைகளின் சொல்லமைப்பிலிருந்து விளங்குகிறது. அபராதம் தாள் எரிப்பதற்கு அல்ல. விழாத் தலங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் குறித்த இடத்தை விட்டு வேறு இடத்தில் எரிப்பதற்கு. தொகை சில லட்சம் டோங், நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். விற்கலாம், வரி கட்ட வேண்டும். கோயிலில் எரிக்கலாம், உலைக்குள் எரிக்க வேண்டும். வீட்டு முற்றத்துத் தகரப் பீப்பாய் பற்றி அந்த ஆணைகள் வாயைத் திறப்பதில்லை.